முத்திரிக் கிணறும் ஊர்க்கிணறும்

அய்யா துணை

சாமிதோப்புப் பதிக்கு வருகிற அன்பர் எந்த ஊரிலிருந்து வந்தாலும் முதலில் தேடிப் போவது முத்திரிக் கிணற்றைத்தான். அங்கே நீராடி, பதம் அருந்தி, ஈரம் காயுமுன் பதியை நோக்கி நடக்கிறார். முன்னால் நீராடியவர் என்ன சாதி, பின்னால் வரிசையில் நிற்பவர் என்ன சாதி என்று அந்தக் கரையில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றுவதுகூட இல்லை. ஆனால் இப்படிக் கேட்காமல் இருப்பது எளிதாகக் கிடைத்த பழக்கம் அன்று.

அய்யா வைகுண்டர் காலத்துத் திருவிதாங்கூரில் தண்ணீருக்கும் சாதி இருந்தது. மேல்சாதிக்கு ஒரு கிணறு, இடைப்பட்டவர்க்கு ஒரு கிணறு. தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவருக்கு ஓடையும் குட்டையும். அவர் கை பட்டால் நீர் தீட்டு என்றார்கள்; நெருங்கி வந்தாலே தீட்டு என்றும் சொன்னார்கள். அந்த நாளில் அய்யா பதினெட்டுச் சாதியையும் ஒரே கிணற்றுக்கு அழைத்தார். ஒரே கிணற்றில் மொண்டு, ஒரே நீரில் குளித்து, ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள். மராட்டிய நாட்டு மகாத் நகரில் சவுதார் குளத்து நீரை அம்பேத்கர் தம் மக்களோடு சென்று அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20ஆம் நாள். அய்யா வைகுண்டம் ஏகியது 1851இல். நாடு பின்னாளில் போராடிப் பெறவிருந்த உரிமையை, முக்கால் நூற்றாண்டுக்கும் முன்பே தெற்கு மூலையில் ஒரு கிணறு கொடுத்துவிட்டது.

அன்புக்கொடி மக்கள் இதைப் பெருமையோடு சொல்வார்கள், சொல்ல வேண்டியதும்தான். ஆனால் இந்தப் பெருமைக்குள் ஒரு கேள்வி மறைந்திருக்கிறது. எல்லாரும் மொள்ளலாம் என்ற உரிமை வந்தது. எல்லாரும் காக்க வேண்டும் என்ற கடமை அதோடு வந்ததா? பொதுக்கிணறு என்றால் எல்லாருக்கும் உரியது என்று பொருளா, எவருக்கும் பொறுப்பில்லாதது என்று பொருளா?

மயிலத்தில் பெய்த மழை

இந்தக் கேள்வியைக் கேட்க ஏற்ற ஊர் ஒன்று, சாமிதோப்பிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்கு அருகில் உள்ள மயிலம். அங்கே சிறு குன்றின் மேல் முருகன் கோயில். சூரபத்மன் தவமிருந்து முருகனுக்கு மயில் ஊர்தியான இடம் என்பது தலபுராணம். திருஏடு வாசிப்பைக் கேட்டு வளர்ந்த அன்பர்களுக்குச் சூரன் புதியவன் அல்லன். குறோணியின் துண்டங்களில் ஒன்றாகப் பிறந்து, ஆறுமுகன் கையால் அழிந்த சூரபற்பன்தான் அவன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் பதிவான மழை 51 சென்டிமீட்டர். அந்தப் பகுதியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையில் ஏறத்தாழப் பாதி, ஒரே நாளில் கொட்டியது. வராக நதியும் தொண்டியாறும் கூடுமிடத்தில் உள்ள வீடூர் அணை நிரம்பி உபரி நீர் திறந்துவிடப்பட்டது. ஏரிகள் நிறைந்து வழிந்தன. வயலும் தெருவும் ஒன்றாயின.

இப்படித் தண்ணீர் நிறைந்த நாளில்தான் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போகிறது. வெள்ளம் தனியாக வருவதில்லை. கழிவறைக் குழியையும், மாட்டுத்தொழுவத்தையும், சாக்கடையையும், வயலில் தெளித்த மருந்தையும், செத்த உயிர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறது. சுற்றுச்சுவர் தாழ்ந்த கிணற்றுக்குள் நேராக இறங்குகிறது. மூடி சரியில்லாத ஆழ்துளைக் கிணற்றின் வாய் வழியே புகுகிறது. மின்சாரம் நின்று மோட்டார் ஓடாதபோது குடிநீர்க் குழாயில் அழுத்தம் போய்விடும். அப்போது குழாயில் எங்கே கசிவு இருக்கிறதோ அங்கே வெளியில் நிற்கும் அழுக்குநீர் உள்ளே இழுக்கப்படும். மறுநாள் குழாயைத் திறந்தால் முதலில் வருவது அதுதான். விழுப்புரம் மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். மணல் நிலத்தில் நீர் மெல்ல வடிந்து ஓரளவு தெளியும். பாறை இடுக்கில் ஓடும் நீர் அப்படி வடியாது; மேலே கலந்த அழுக்கு விரைவாகவே கீழே போய்ச் சேரும்.

அந்த இரவில் மயிலத்தைச் சுற்றிப் பெருகிய நீரில் ஊர்த்தெருத் தண்ணீர் எது, காலனித் தண்ணீர் எது என்று யாராலும் பிரித்திருக்க முடியாது. சாதி பார்த்துப் பிரித்து வைத்த மண்ணில், நோய் மட்டும் சாதி பார்க்காமல் வீடு புகுகிறது. ஒரு தெருவின் கழிவு இன்னொரு தெருவின் குடத்தில் சேர்கிறது. ஒருவர் தம் வீட்டுக் கிணற்றை மட்டும் காத்துக்கொண்டு தப்பிவிட முடியாது என்பதை வெள்ளம் சொல்லித் தருகிறது. தண்ணீர் நிலத்தடியில் ஒன்று. அதை மேலே பிரித்தது மனிதர்.

பொய்த் தீட்டும் மெய்த் தீட்டும்

அய்யா ஒழித்த தீட்டு ஒன்று உண்டு. இன்ன குலத்தில் பிறந்தவர் தொட்டால் நீர் கெடும் என்பது அது. அது பொய். எந்த மனிதரின் பிறப்பும் எந்த நீரையும் கெடுத்ததில்லை.

ஆனால் நீர் கெடுவது பொய்யன்று. மலம் கலந்தால் கெடும். சாக்கடை கசிந்தால் கெடும். கிணற்று மேட்டில் துணி துவைத்த சோப்பு நீர் உள்ளே வழிந்தால் கெடும். கழுவாத கையைப் பானைக்குள் விட்டு மொண்டால், அந்தக் கை எந்தக் குலத்துக் கையானாலும், கெடும். இது மெய்த் தீட்டு. பொய்த் தீட்டைப் பார்க்க வேண்டாம் என்றதால் மெய்த் தீட்டையும் பார்க்க வேண்டாம் என்று ஆகாது. சாதி பார்க்கக் கூடாது என்பவர் சாக்கடையைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இதை அய்யாவே செய்து காட்டியிருக்கிறார். ஏறத்தாழ 700 குடும்பங்கள் வாகைப்பதிக் கடற்கரையில் துவையல் தவசு இருந்த வரலாறு அன்பர்கள் அறிந்தது. நாளுக்கு மூன்று வேளை குளித்து, உடுத்த துணியைத் துவைத்து, ஒரு வேளை உண்டு அவர்கள் தவமிருந்தார்கள். பின்னர் முட்டப்பதியிலும் அந்தத் தவசு தொடர்ந்தது. உலகம் அசுத்தர் என்று தள்ளி வைத்த மக்கள் அவர்கள். தூய்மை குலத்தால் வருவது என்று சொன்னவர்களுக்கு முன்னால், தூய்மை கையாலும் நீராலும் நாள்தோறும் செய்து முடிக்க வேண்டிய வேலை என்று அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள். தவம் என்றால் கண்மூடி இருப்பது என்று நினைத்த நாட்டில், துணி துவைப்பதே தவமாயிற்று.

அய்யா வைகுண்டம் ஏகி மூன்றாண்டுகள் கழித்து, 1854இல், லண்டன் மாநகரில் காலரா பரவியது. கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று அந்நாளின் பெரிய மருத்துவர்களே நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் மட்டும் இறந்தவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றியே சாவு குவிந்திருந்தது. அவர் சொல்லி அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அந்தத் தெருக்களில் இறந்தவர் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர். பிறகு தோண்டிப் பார்த்தபோது, பம்புக் கிணற்றிலிருந்து சில அடி தொலைவில் ஒரு வீட்டுக் கழிவுக்குழி கசிந்துகொண்டிருந்தது. நோயுற்ற ஒரு கைக்குழந்தையின் துணியை அலசிய நீர் அந்தக் குழியில் ஊற்றப்பட்டிருந்தது. அந்தத் தாய் எவருக்கும் கேடு நினைத்தவள் அல்லள். அறியாமல் செய்தாள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1884இல், கல்கத்தாவில் மக்கள் குளிக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்து நீரில் காலராக் கிருமியை ராபர்ட் கோக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத பகைக்கு அன்று பெயர் கிடைத்தது.

ஏறிப் பார்க்காத தொட்டி

அறியாமை மட்டுமே காரணம் என்றால் இன்று இந்தத் துன்பம் இருக்கக் கூடாது. இன்று எல்லாருக்கும் தெரியும். ஆயினும் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் குறைந்தது 170 கோடிப் பேர் மலம் கலந்த நீர்நிலைகளிலிருந்தே குடிநீர் எடுத்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அதே 2022இன் டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்தச் செய்தி தமிழ்நாட்டையே தலைகுனிய வைத்தது. யார் செய்தார் என்று தேடுவது காவல்துறையின் வேலை, நீதிமன்றத்தின் வேலை. அறத்தை எண்ணுவோர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். அங்கே முதலில் குழந்தைகளுக்கு நோய் வந்தது. தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் இளைஞர்கள் தொட்டியின் மேல் ஏறிப் பார்த்தார்கள். கேடு செய்த கை ஒன்று இருந்தது. அதோடு, அந்தத் தொட்டியைக் காக்கும் கண் இல்லாமலும் இருந்தது.

தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களில் குடிநீர்த் தொட்டியின் மூடி திறந்தே கிடக்கிறது, ஏணி யாரும் ஏறும்படி நிற்கிறது என்பதைத் தெருவில் நடந்தாலே காணலாம். மயிலத்து வெள்ளம் இயற்கையால் வந்தது. வேங்கைவயல் கொடுமை மனிதக் கையால் நடந்தது. இரண்டிலும் வெறுமையாக இருந்த இடம் ஒன்றே: காவலாளியின் இடம்.

இரண்டு மறுமொழிகள்

இங்கே அன்பர்கள் சிலர் ஒரு மறுமொழி சொல்வதுண்டு. அய்யாவின் பதம் தீராத நோயையும் தீர்க்கும். அதை நம்புகிறவர் கிருமிக்கு அஞ்சலாமா, தண்ணீரில் குளோரின் கலப்பது நம்பிக்கைக் குறைவு ஆகாதா என்பது அது. மனத்தூய்மையோடு கேட்கப்படும் கேள்வி இது; தள்ளிவிடக் கூடாது.

அய்யா நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுத்தவை தண்ணீரும் மண்ணும். ஏழைக்கும் எளிதில் கிடைப்பவை என்பதால் மட்டும் அவற்றுக்கு மதிப்பு வந்துவிடவில்லை. அய்யா கொடுத்ததால் அவை மருந்தாயின என்பது அன்பர்களின் நம்பிக்கை. அப்படியானால் அய்யா மருந்தாக்கிய பொருளை மனிதர் நோயாக்குவது எவ்வளவு பெரிய பிழை! பணிவிடையாளர் பள்ளியறையைப் பெருக்கித் துடைத்த பிறகே விளக்கேற்றுகிறார். பள்ளியறையைப் பெருக்குவதை நம்பிக்கைக் குறைவு என்று ஒருவரும் சொல்வதில்லை. பதத்துக்கான நீரைக் காப்பதும் அத்தகையதே. துவையல் தவசு இருந்தவர்களுக்கு அய்யாவிடம் இருந்த நம்பிக்கைக்கு மேல் ஒரு நம்பிக்கை உண்டா? அவர்களைத்தான் மூன்று வேளையும் துவைக்கச் சொன்னார்.

இரண்டாவது மறுமொழி வேறு வகை. வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம். குடிநீரைக் காப்பது அரசின் வேலை என்கிறார்கள். இதிலும் உண்மை இருக்கிறது. பாதுகாப்பான குடிநீர் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28 அன்று அறிவித்தது. அரசு தன் கடமையைச் செய்தே ஆக வேண்டும். செய்யாதபோது கேட்பதும் தர்மமே. கேட்காமல் பொறுத்துப் போவது பக்தி ஆகாது. ஊழியத்துக்கும் அநியாய வரிக்கும் தலை வணங்காத வழி அய்யா வழி.

ஆனால் அரசு தொட்டி கட்டித் தரும். குழாய் போட்டுத் தரும். தொட்டியின் மூடி இன்று மூடியிருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்கும் கண், அங்கே வாழ்கிறவரின் கண்தான். கிணற்றடியில் கழிவறைக் குழி வெட்டுகிற பக்கத்து வீட்டாரிடம், மனம் நோகாமல் எடுத்துச் சொல்ல வேண்டியவரும் அங்கே வாழ்கிறவர்தான்.

பணிவிடை என்னும் சொல்

கடமை எல்லாருக்கும் என்றால், அந்த வேலையை இன்று யார் செய்கிறார்? பெரும்பாலான ஊர்களில் குறைந்த கூலிக்கு ஒரு தொட்டி இயக்குபவர். கிணறு தூர்வார, சாக்கடை வாரக் கூப்பிடப்படுகிறவர் பெரும்பாலும், ஒரு காலத்தில் அதே கிணற்றை நெருங்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட குலத்தவர். குடிக்கும்போது சமம் என்று சொல்லிவிட்டு, கழுவும் வேலையைப் பழையபடி ஒரு குலத்தின் தலையில் வைத்தால், பொய்த் தீட்டு வாசல் வழியாகப் போய்ப் பின்கட்டு வழியாகத் திரும்பி வந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். பந்தியில் சமம் வந்தது போல, துடைப்பத்திலும் சமம் வர வேண்டும்.

அய்யா வழியில் இதற்கு ஒரு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. பணிவிடை. பதியில் பெருக்குவதும், தண்ணீர் சுமப்பதும், அன்னம் வடிப்பதும் பணிவிடை. அதைச் செய்ய அன்பர்கள் முந்துகிறார்கள். செய்தவர் தாழ்வதில்லை, உயர்கிறார். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்று கற்றவர்களுக்கு, ஊர்க்கிணற்றின் மேட்டைக் கழுவுவது மட்டும் எப்படி இழிவாகும்? தாங்கலில் செய்தால் பணிவிடை, ஊர்த்தொட்டியில் செய்தால் கூலிவேலை என்று தர்மம் பிரித்துச் சொல்லவில்லை.

அந்தப் பணிவிடையில் கடினமானது ஒன்றுமில்லை. குடிநீர்க் கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் மூடியும் வேண்டும். மேட்டில் சிந்தும் நீர் திரும்பி உள்ளே போகாமல் வெளியே ஓட வாய்க்கால் வேண்டும். கழிவறைக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். பாறை நிலமானால் இன்னும் தள்ளியிருப்பது நல்லது. மேல்நிலைத் தொட்டியை மாதம் இருமுறை கழுவ வேண்டும். கழுவிய தேதியைத் தொட்டியின் மேலேயே எழுதி வைத்தால் ஊர் முழுதும் அதற்குச் சாட்சி. குளோரின் கலந்து அரைமணி நேரம் கழித்தே நீரைத் திறந்துவிட வேண்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருந்தால் நீர் காவலோடு வந்திருக்கிறது என்று பொருள். வெள்ளம் வடிந்த பின் கிணற்று நீரை இறைத்துக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் இட்டு, சோதித்துப் பார்க்கும் வரை கொதிக்க வைத்த நீரையே குடிக்க வேண்டும். கலங்கிய நீர் என்றால் துணியில் வடிகட்டிவிட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். தளதளவென்று கொதி வந்த பின்பே இறக்க வேண்டும். குடிநீர்ப் பானைக்குத் தனியாக ஒரு கைப்பிடிச் செம்பு போதும். ஒரு வீட்டில் நோய் வருவதைக் குறைக்க அது உதவும்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பயிற்சி தரவேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் மார்ச் 22, உலக நீர் நாளன்று, கிராம சபை கூடுகிறது. தொட்டியைக் கழுவிய கணக்கையும் நீரைச் சோதித்த கணக்கையும் அங்கே எழுந்து கேட்கலாம். ஊரில் ஒரே ஒருவர் கேட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும். மயிலத்தில் வாழ்கிறவருக்கும் சாமிதோப்பில் வாழ்கிறவருக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும்.

கிணற்றங்கரையில் கலிவேட்டை

சாமிதோப்புத் திருவிழாவின் எட்டாம் நாள், அய்யா வெள்ளைக் குதிரை வாகனத்தில் எழுந்தருளிக் கலிவேட்டை ஆடுகிறார். அந்த வேட்டை நடக்கும் இடம் முத்திரிக் கிணற்றங்கரை. கோட்டை வாசலிலோ போர்க்களத்திலோ நடக்காமல், கலியை வெல்லும் வேட்டை ஒரு கிணற்றின் கரையில் நடப்பதை அன்பர்கள் ஆண்டுதோறும் கண்டு வணங்குகிறார்கள்.

இந்த யுகத்துக் கலிக்கு, முந்தைய யுகத்து அசுரர்களைப் போல மலையளவு உடல் இல்லை. சூரபற்பனைக் கண்ணால் கண்டு வேலெறிய முடிந்தது. கலியோ மனத்துக்குள் இருக்கிறான். இவன் கை பட்டால் தீட்டு என்று ஒரு காலத்தில் பேசினான். இது பொதுத்தொட்டி, எனக்கென்ன என்று இப்போது பேசுகிறான். முதற்பேச்சை அய்யா முத்திரிக் கிணற்றில் அடக்கினார். இரண்டாவது பேச்சை அடக்கும் வேலை ஊர்தோறும் மீதியிருக்கிறது.

வேட்டை கண்டு ஊர் திரும்புகிற அன்பர், தம் தெருவின் தொட்டியடியில் ஒரு கணம் நின்று, மூடி மூடியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கட்டும். திறந்திருந்தால், யார் திறந்தது என்று கேட்பதற்கு முன் அதை மூடச் செய்யட்டும். அந்தத் தண்ணீரை நாளைக் காலையில் யாரோ ஒரு தாய் தன் குழந்தைக்குக் கொடுக்கப் போகிறாள். அவள் எந்தத் தெரு என்று கேட்காமல் அவளுக்காகக் காத்த நீர், முத்திரிக் கிணற்று நீருக்கு உறவு.

அய்யா உண்டு.